ட்ரைட்டன் தொல்லைகள்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

ட்ரயம்ஃப் இரட்டை சிலிண்டர் எஞ்சினை நார்ட்டன் ஃபெதர்பெட் சேஸில் ஏற்றினால் அந்த வண்டிக்குப் பெயர் ட்ரைட்டன். 1950-களின் இறுதியிலும் 60-களிலும் இங்கிலாந்தில் இளவட்டங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே இந்த வேலையைச் செய்தார்கள். பெல்ஃபாஸ்ட்காரரான ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் வடிவமைத்த ஃபெதர்பெட் 1950-ல் பந்தயத்துக்கு வந்தது. அந்த வருடமே ஜெஃப் டியூக் அதில் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தை ஜெயித்தார். வளைவில் அதை மிஞ்ச ஆளில்லை. எஞ்சின் என்று பார்த்தால், எட்வர்ட் டர்னரின் 1937 ஸ்பீட் ட்வின் வழிவந்த ட்ரயம்ஃப் 650-க்குத்தான் பவரும் இருந்தது, ஸ்பேரும் கிடைத்தது. போதாததற்கு, நார்ட்டன் கம்பெனி எஞ்சினைத் தனியாக விற்காததால், 500 சிசி ஃபார்முலா 3 கார் ஓட்டியவர்கள் நார்ட்டனின் பந்தய வண்டியான மேங்க்ஸை முழுசாகவே வாங்கி, எஞ்சினை உருவிக்கொண்டு, சேஸைத் தள்ளிவிட்டார்கள். அப்படிச் சேர்ந்த ஜோடிதான் இது. 1965-ல் டேவ் டீகன்ஸும் ரெக்ஸ் புட்சரும் ஒரு ட்ரைட்டனில் பார்சிலோனா 24 மணி நேரப் போட்டியையே வென்றார்கள்.

எனவே ஜோடிப் பொருத்தத்தில் குறையில்லை. ஆனாலும் கட்டி முடித்த ட்ரைட்டன்களில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு தொல்லையோடுதான் ரோட்டுக்கு வருகின்றன. வந்ததும் எல்லோரும் முதலில் எஞ்சினைத்தான் பிரிக்கிறார்கள். அது பெரும்பாலும் வீண் வேலை. நேற்றுவரை சொந்த சேஸில் ஒழுங்காக ஓடிய எஞ்சின், இன்று புது சேஸில் தகராறு செய்தால், கோளாறு எஞ்சினும் சேஸும் தொட்டுக்கொள்ளும் இடங்களில்தான் இருக்கும்: எஞ்சினைச் சேஸில் பிடித்துவைக்கும் பிளேட், போல்ட், செயின், ஆயில் குழாய், எர்த். அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். இங்கே பேசுவது கியர்பாக்ஸ் தனியாக இருக்கும் பழைய 650 எஞ்சினைப் பற்றி, அதாவது 1962 மாடல் வரை வந்தது. கூடவே நார்ட்டனின் ஏஎம்சி (நார்ட்டனின் தாய்க் கம்பெனி) கியர்பாக்ஸ். 1963-லிருந்து வந்த 650-களில் கியர்பாக்ஸ் எஞ்சினோடு ஒரே கேஸில் வார்க்கப்பட்டிருக்கும். அதை வைத்திருப்பவர்கள் பிரைமரி செயின் (எஞ்சினிலிருந்து கிளட்ச்சுக்குப் போவது) பகுதியையும் நார்ட்டன் கியர்பாக்ஸின் பல் கணக்கையும் தாண்டிப் போகலாம். மற்றதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

ஃபவுண்டேஷன் போல்ட் கையால் உள்ளே போகவில்லை

இது வண்டி ஓடுவதற்கு முன்பே தெரியும் அறிகுறி. சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் போய்விடும் என்பதால் யாரும் இதை அறிகுறியாகவே எடுத்துக்கொள்வதில்லை. தட்டாதீர்கள்.

ஃபவுண்டேஷன் போல்ட் என்பது எஞ்சினைச் சேஸோடு பிடிக்கும் போல்ட். முதலில் அந்தப் போல்ட்டையே சந்தேகப்படுங்கள். ட்ரயம்ஃபும் நார்ட்டனும் அந்தக் காலத்தில் பயன்படுத்தியது சைக்கிள் திரெட். 3/8 இஞ்ச் போல்ட்டில் இஞ்சுக்கு 26 புரி. கடையில் சுலபமாகக் கிடைக்கும் யுஎன்எஃப் (வேறொரு இஞ்ச் திரெட் வகை) 3/8-ல் 24 புரி. ஒன்றில் மற்றொன்று இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு இறுகும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் 'நல்லா டைட் ஆயிடுச்சு' என்று தோன்றும். உண்மையில் புரி கிழிந்துகொண்டிருக்கும். மில்லிமீட்டர் போல்ட்டைக் கலப்பது இன்னொரு வம்பு. 5/16 இஞ்ச் என்பது 7.94 மி.மீ., எனவே 8 மி.மீ. போல்ட் அதில் கிட்டத்தட்ட நுழையும், ஆனால் நுழையாது. 3/8 என்பது 9.53 மி.மீ. அந்தத் துளையை யாராவது 10 மி.மீ. ட்ரில்லால் திறந்துவிட்டிருந்தால் போல்ட்டைச் சுற்றி அரை மில்லிமீட்டர் ஆட்டம் நிற்கும். பின்னால் வரும் அதிர்வுத் தொல்லைக்கு விதை அங்கேதான்.

போல்ட் சரிதான், ஆனாலும் துளைகள் நேருக்கு நேர் வரவில்லை என்றால், எல்லா ஃபவுண்டேஷன் போல்ட்டையும் லூஸ் செய்துவிட்டு, எஞ்சினை அடியில் ஒரு மரக்கட்டை வைத்துத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திரும்பக் கோத்துப் பாருங்கள். முன் பிளேட், அடி போல்ட், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பின் பிளேட், எல்லாப் போல்ட்டும் விரலால் தள்ளினால் போகவேண்டும். எது போகவில்லையோ அந்தப் பிளேட்டின் துளைதான் தவறு. அதை அரத்தால் நீளவாக்கில் இழைத்துச் சமாளிக்க வேண்டாம். வேறு பிளேட் வெட்டுங்கள்.

அடுத்தது பக்கவாட்டு இடைவெளி. பிளேட்டுக்கும் கிராங்க்கேஸின் காதுக்கும் நடுவே ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் ஏடு உள்ளே போகிறது என்றால், நட்டை முறுக்கும்போது அந்த அரை மில்லிமீட்டரை யார் மூடுவது? சேஸ் குழாய் அசையாது, 10 மி.மீ. பிளேட்டும் வளையாது. வார்ப்பு அலுமினியத்தால் ஆன அந்தக் காதுதான் இழுபடும். அன்றைக்கு உடையாது. சில நூறு மைல் ஓடி, சூடேறி, அதிர்ந்து, ஒருநாள் காதின் வேரில் மயிர் அளவு கோடு விழும். கேஸ் வெல்டிங் செலவை நினைத்தால் லேத்தில் சரியான நீளத்துக்கு ஒரு ஸ்பேசர் கடைந்து வாங்குவது ஒன்றுமே இல்லை. ஸ்பேசரைக் கணக்காகக் கடைந்து, மிச்சம் மீதிக்கு மெல்லிய ஷிம் போட்டு, நட் இறுகுவதற்கு முன்பே எல்லாம் தொட்டுக்கொண்டிருக்கும்படி செய்யுங்கள்.

குறிப்பிட்ட வேகத்தில் கை மரத்துப்போகிறது, பிளேட்டில் விரிசல் விழுகிறது

ட்ரைட்டன் என்றாலே இந்தப் புகார்தான். வண்டியை விற்றுவிடத் தோன்றும் அளவுக்குப் போவதும் இதுதான். அவசரப்படாமல் பிரித்துப் பார்ப்போம்.

முதல் சோதனைக்கு ஸ்பேனரே வேண்டாம். அதிர்வு வரும் வேகத்தில் ஓட்டிக்கொண்டே கியரை மாற்றிப் பாருங்கள். எந்தக் கியரிலும் ஒரே ஆர்பிஎம்மில் வருகிறதா? அப்படியானால் எஞ்சின் அல்லது அதன் பிடிமானம். கியர் எதுவானாலும் ஒரே ரோட்டு வேகத்தில் வருகிறதா? அப்படியானால் சக்கரம், டயர், பின் செயின். இந்தப் பகுதியை விட்டுவிட்டு அங்கே போங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி நியூட்ரலில் முறுக்கிப் பார்ப்பது சோதனையே இல்லை. லோடு ஏறாத எஞ்சின் வேறு மாதிரி ஆடும்.

எஞ்சின்தான் என்று தெரிந்ததும் ஹெட் ஸ்டெடியைப் பாருங்கள். சிலிண்டர் ஹெட்டிலிருந்து சேஸின் மேல் பக்கத்துக்குப் போகும் அந்தச் சின்னப் பட்டை, பார்க்க ஒப்புக்குப் போட்டது போல இருக்கும். ட்ரைட்டனில் அது இல்லாமல் ஓட்டவே கூடாது. எஞ்சின் கீழே பிடிக்கப்பட்டிருக்கிறது. மேல்பகுதி காற்றில் நிற்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் மேல்பகுதி முன்னும் பின்னும் ஆட முயலும், அந்த ஆட்டத்தை முழுவதும் கீழே உள்ள பிளேட்டுகள் சுமக்கும். பிளேட் விரிசல் விட்டால் தடிமனான பிளேட் போடுவது வைத்தியமில்லை. ஹெட் ஸ்டெடியைச் சரி செய்வதுதான் வைத்தியம். ஒற்றைத் தகரப் பட்டை போதாது. முக்கோணமாக, பக்கவாட்டிலும் அசையாதபடி இரண்டு கால் உள்ள ஸ்டெடி வேண்டும்.

அதை மாட்டும் முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. மற்ற எல்லா போல்ட்டையும் முழுக்க இறுக்கிய பிறகு, கடைசியாக ஸ்டெடியின் போல்ட்டை விரலால் தள்ளுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரி. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி நெம்பித்தான் போகிறது என்றால் எஞ்சினை அது ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படிப் பிடித்த ஸ்டெடி அதிர்வைக் குறைக்காது, சேஸுக்குக் கடத்தும். பிறகு டேங்க் முனகும், ஹெட்லைட் பல்பின் இழை அறும்.

இனி போல்ட் இருக்கும் இடங்களைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வாருங்கள். அலுமினியப் பிளேட்டில் நட்டைச் சுற்றிக் கறுப்பாக, எண்ணெயோடு கலந்த மை போல ஒரு வளையம் கசிந்திருந்தால், அந்த இணைப்பு கண்ணுக்குத் தெரியாமல் உரசுகிறது என்று பொருள். இரும்புப் பிளேட்டானால் அதே இடத்தில் செந்தூள் தெரியும். நட் இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று ஸ்பேனர் சொல்லும். அந்தத் தூள் இல்லை என்று சொல்லும். நம்பவேண்டியது தூளை. ஆட்டமுள்ள துளையை ரீமர் போட்டு ஒரே அளவாகத் திறந்து, அதற்கு இழைந்து போகும் போல்ட் கடைந்து போடுவதுதான் நிரந்தரத் தீர்வு. ஸ்பிரிங் வாஷரை நம்பாதீர்கள், நைலாக் நட் போடுங்கள்.

பிளேட் விஷயத்தில் என் கருத்து: 10 மி.மீ. நல்ல ரக அலுமினியமோ 6 மி.மீ. இரும்போ, இரண்டும் தாங்கும். தாங்காதது அழகுக்காகப் போடும் ஓட்டைகள். எடை குறைப்பு என்ற பேரில் பிளேட்டைச் சல்லடையாக்கி, அதுவும் போல்ட் துளைக்குப் பக்கத்திலேயே துளைத்து, ஓரத்தைக் கூர்மையாக விட்டுவிட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். வெட்டிய விளிம்பு முழுவதையும் உப்புத்தாளால் இழைத்து மழுக்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அதிர்வு குறையவில்லை என்றால்தான் கிராங்க் பக்கம் போகவேண்டும். ட்ரயம்ஃப் ட்வினில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், 360 டிகிரி கிராங்க். பேலன்ஸ் விஷயத்தில் அது ஒரு பெரிய சிங்கிள் சிலிண்டர் மாதிரிதான். கிராங்கில் எதிர் எடை கூட்டினால் மேல்-கீழ் ஆட்டம் குறைந்து முன்-பின் ஆட்டம் கூடும். குறைத்தால் மறுபடி மேல்-கீழ். ஒழிக்க முடியாது, திசைதான் மாற்ற முடியும். எந்தத் திசை ஆட்டம் உறுத்தும் என்பதை சேஸும் பிடிமானமும் தீர்மானிக்கும். ட்ரயம்ஃபே தன் 650-க்கு ஆரம்பத்தில் 50 சதவீத பேலன்ஸ் ஃபேக்டர் (எதிர் எடையின் அளவு) வைத்து, 60-களின் தொடக்கத்தில் அதை 85 வரை கொண்டுபோனது. எனவே பழைய 6டி தண்டர்பேர்ட் கிராங்கும் பிந்தைய போனவில் கிராங்கும் ஒரே சேஸில் ஒரே மாதிரி நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கனமான ஹை-கம்ப்ரஷன் பிஸ்டன் போட்டுவிட்டு பழைய பேலன்ஸையே விட்டிருந்தால் இன்னும் மோசம். எந்த பிஸ்டன், எந்த கனெக்டிங் ராட் போடப்போகிறோமோ அவற்றை எடை போட்டு, கிராங்கோடு சேர்த்து பேலன்ஸ் செய்யும் கடையில் கொடுத்துச் செய்யவேண்டும். சென்னையில் இப்போது தயாராகும் ராயல் என்ஃபீல்டு 650 ட்வின் 270 டிகிரி கிராங்கும் பேலன்சர் ஷாஃப்ட்டும் வைத்திருப்பது இந்தத் தலைவலி தெரிந்துதான். அதை ஓட்டிப் பழகியவர்கள் ட்ரைட்டனில் ஏறினால் கொஞ்சம் அதிர்ச்சியடைவார்கள். ஓரளவு அதிர்வு இதன் பிறவிக் குணம். கை மரத்துப்போவது மட்டும்தான் கோளாறு.

பிரைமரி செயின் ஊளையிடுகிறது, பின் செயின் ஒரு பக்கமாகத் தேய்கிறது

எஞ்சினை சேஸின் நடுவில் வைத்துக் கட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை வரும். நடுவில் வைப்பதுதானே நியாயம் என்று தோன்றும். ஆனால் எஞ்சின் பக்கவாட்டில் எங்கே உட்காரவேண்டும் என்பதைப் பின் சக்கரம்தான் முடிவு செய்யும். பின் சக்கரம் முன் சக்கரத்தோடு நேர்கோட்டில் நிற்கவேண்டும். அப்போது பின் ஸ்பிராக்கெட் நிற்கும் இடம் உறுதியாகிவிடும். அதற்கு நேராக கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட். கியர்பாக்ஸ் நின்றுவிட்டால் கிளட்ச் நிற்கும் இடமும் முடிவாகிவிட்டது. கிளட்ச்சுக்கு நேராக எஞ்சின் ஸ்பிராக்கெட். கடைசியில்தான் எஞ்சின். அதனால் எஞ்சின் நடுவிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் பதற வேண்டாம், ஓட்டும்போது தெரியாது. செயின் சில மில்லிமீட்டர் கோணலாக ஓடினால் நூறு மைலில் தெரியும்.

தேய்மானத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்பிராக்கெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பல்லின் பக்கவாட்டைப் பாருங்கள். இரண்டு பக்கமும் மங்கலாக இருந்தால் செயின் நேராக ஓடியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளத்தால் அந்தப் பக்கம் உரசியிருக்கிறது. எஞ்சின் ஸ்பிராக்கெட்டில் வலப்பக்கமும் கிளட்ச்சில் இடப்பக்கமும் பளபளத்தால் எஞ்சின் ஸ்பிராக்கெட் வலப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. அதை இடப்பக்கம் கொண்டுவர ஷிம் வேண்டும். மாறி இருந்தால் கணக்கும் மாறும்.

அளப்பதற்கு ஒரு நீள இரும்பு ஸ்கேல் போதும். அதை கிளட்ச் பற்களின் முகத்தில் அழுத்தி, எஞ்சின் ஸ்பிராக்கெட்டின் முகத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். இடைவெளி இருந்தால் ஃபீலர் கேஜ். ஆனால் இரண்டு ஸ்பிராக்கெட்டின் பல் தடிமனும் ஒன்றாக இருந்தால்தான் இது சரி. வெர்னியரால் இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். ஒன்று அரை மி.மீ. தடிமன் கூடுதலானால் முகத்தில் கால் மி.மீ. வித்தியாசம் தெரிந்தால்தான் மையம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். பிரைமரியில் மொத்தப் பிழை அரை மில்லிமீட்டரைத் தாண்ட நான் விடமாட்டேன். பின் செயின் நீளமானது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

நேர்கோடு சரியாக இருந்தும் ஊளை நிற்கவில்லையா? டென்ஷனைப் பாருங்கள். பிரைமரியில் நடுவே மேலும் கீழும் அரை இஞ்ச், 12 மி.மீ. அளவுக்கு ஆட்டம் வேண்டும். செயினை ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கிக்கரைத் தள்ளித் தள்ளிச் சுற்றி, எங்கே மிகவும் டைட்டாக வருகிறதோ அங்கே அளங்கள். பிரைமரியை டைட் செய்யும்போது கியர்பாக்ஸ் பின்னால் நகரும், பின் செயின் லூஸாகும்; ஆகவே எப்போதும் பிரைமரி முதலில், பின் செயின் பிறகு. கியர்பாக்ஸின் மேல் போல்ட்டை இறுக்கும்போது அது பிளேட்டுக்குள் சற்றே திருகி நிற்பதும் உண்டு. இறுக்கிய பிறகு ஸ்கேலை இன்னொரு முறை வைத்துப் பாருங்கள். லூஸாக இருக்கும்போது நேராக இருந்ததை வைத்து ஏமாந்தவர்கள் பலர்.

செயின் நேர்தான், டென்ஷனும் சரி, ஆனால் மெதுவாகப் போகும்போது உதறுகிறது, செயின் 'டக் டக்' என்று அடிக்கிறது என்றால் ஷாக் அப்சார்பரைத் தேடுங்கள். டைனமோ காலத்து ட்ரயம்ஃபில் அது கிராங்க் முனையில் ஸ்பிரிங்கோடு இருக்கும். ஆல்டர்னேட்டர் வந்தபோது அந்த இடம் பறிபோனதால் கிளட்ச்சின் நடுவில் ரப்பராக மாறியது. ஆல்டர்னேட்டர் கிராங்கோடு ரப்பர் இல்லாத பழைய ட்ரயம்ஃப் கிளட்ச்சைக் கலந்து போட்டால் வண்டியில் ஷாக் அப்சார்பரே இருக்காது. நார்ட்டன் கிளட்ச்சில் ரப்பர் உண்டு. ஆனால் அறுபது வருட ரப்பர் ரப்பராகவா இருக்கும்? கல்லாகிப் போயிருக்கும், மாற்றிவிடுங்கள்.

டாப் கியரில் மூச்சு வாங்குகிறது, கிளம்பும்போது கிளட்ச் நாறுகிறது

கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் பற்களை எண்ணுங்கள். ட்ரயம்ஃப் சேஸில் அந்த எஞ்சின் 24 பல் எஞ்சின் ஸ்பிராக்கெட், 43 கிளட்ச், 18 கியர்பாக்ஸ், 46 பின் சக்கரம் என்று ஓடியது. டாப் கியர் விகிதம் சுமார் 4.58. அதே 24-ஐ வைத்துக்கொண்டு நார்ட்டனின் 42 கிளட்ச், 19 கியர்பாக்ஸ், 43 பின் சக்கரத்தோடு சேர்த்தால் 3.96 ஆகிவிடும். எஞ்சின் அதே எஞ்சின், ஆனால் ஒவ்வொரு கியரும் முக்கால் கியர் அளவுக்கு உயர்ந்தது போல இழுக்கும். ஃபர்ஸ்ட் கியரில் கிளட்ச்சைப் பாதி பிடித்துக்கொண்டே ஊரவேண்டும். கிளட்ச் பிளேட் அதில்தான் எரிகிறது.

நார்ட்டன் தன் 650எஸ்எஸ்-க்கு 21 பல் எஞ்சின் ஸ்பிராக்கெட் வைத்தது, விகிதம் 4.53. ட்ரைட்டனிலும் 21 அல்லது 22 போட்டால் சரியாகிவிடும், 22-க்கு 4.32 வரும், நெடுஞ்சாலைக்கு அது நன்றாக இருக்கும். பல் குறைந்தால் செயின் நீளமும் மாறும், கியர்பாக்ஸை நகர்த்தவேண்டி வரும், எனவே பிளேட் வெட்டுவதற்கு முன்பே இதை முடிவு செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

பற்கள் சரியாக இருந்தும் கிளட்ச் ஸ்லிப் ஆனால், கிளட்ச்சைத் தள்ளித் திறக்கும் புஷ்ராட்டின் நீளத்தையும் கேபிள் ஆட்டத்தையும் பாருங்கள். வேறு வேறு வண்டிகளிலிருந்து வந்த உருப்படிகளில் ராட் கொஞ்சம் நீளமாக இருந்தால் கிளட்ச் எப்போதும் பாதி அழுத்தியபடியே இருக்கும்.

நிறுத்திவைத்தால் ஆயில் இறங்குகிறது, ஸ்டார்ட் செய்தால் புகை

ட்ரை சம்ப் எஞ்சின் என்பதால் ஆயில் தனி டேங்க்கில் இருக்கும். ட்ரயம்ஃபின் பிளஞ்சர் பம்பில் ஒரு பக்கம் ஆயிலை உள்ளே அனுப்பும், அதைவிடப் பெரிய மறுபக்கம் சம்ப்பிலிருந்து (கிராங்க்கேஸின் அடிப்பகுதி) உறிஞ்சி டேங்க்குக்குத் திருப்பும். இரண்டுக்கும் கீழே சின்ன பால் வால்வு. வண்டி நாட்கணக்கில் நின்றால் ஆயில் அந்த வால்வு வழியாகக் கசிந்து கிராங்க்கேஸில் தேங்கும். டேங்க் காலி என்று நினைத்து மேலே ஊற்றிவிடாதீர்கள்; சம்ப் பிளக்கைத் திறந்து பாருங்கள், எல்லாம் அங்கேதான் இருக்கும்.

பழைய சேஸில் இல்லாத தொல்லை புது சேஸில் வந்திருக்கிறது என்றால், புதிதாக மாட்டிய குழாய்களைச் சந்தேகிக்க வேண்டும். ரப்பர் ஹோஸை ஹாக்ஸா பிளேடால் அறுத்தால் உள்ளே கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு துகள் பால் வால்வின் சீட்டில் உட்கார்ந்தால் போதும். ஹோஸைக் கூரான கத்தியால் வெட்டி, பெட்ரோல் விட்டு அலசி, காற்றடித்துப் பிறகே மாட்டுங்கள். ஏற்கெனவே துகள் போயிருந்தால் பம்பைக் கழற்றி, பந்தையும் சீட்டையும் துடைத்து, பந்தை சீட்டில் வைத்து மேலிருந்து ஒரு தட்டு தட்டி உட்காரவைக்கலாம்.

டேங்க்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஃபீட் லைனில் மூடித் திறக்கும் ஒரு டேப் வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். தீரும்தான், டேப்பைத் திறக்க மறக்கும் நாள் வரை. அன்றைக்கு பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்கில் சேரும் பேரிங்) போய்விடும். வைத்தே தீரவேண்டுமென்றால், டேப் மூடியிருந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி அதோடு இக்னிஷனை இணைக்கும் சுவிட்ச்சும் சேர்த்து வையுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே சம்ப் நிறைகிறது, புகை நிற்கவே இல்லை என்றால் அது வேறு நோய். டேங்க் மூடியைத் திறந்து ரிட்டர்ன் குழாயைப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் கெட்டியாக வரும். சம்ப் காலியானதும் காற்றும் ஆயிலுமாக விட்டு விட்டுத் துப்பும். அதுதான் ஆரோக்கியம். எதுவுமே வரவில்லை என்றால் எஞ்சினை உடனே அணையுங்கள். ஃபீடும் ரிட்டர்னும் இடம் மாறி மாட்டப்பட்டிருக்கலாம். புது டேங்க் போட்டவர்கள் வண்டியில் இது அடிக்கடி நடக்கும். அல்லது ஃபீட் ஹோஸ் வளைவில் மடங்கியிருக்கலாம், சூடானதும் உறிஞ்சலில் சப்பிப் போயிருக்கலாம். எரிபொருள் ஹோஸை ஆயிலுக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று, மேலே வால்வை அழுத்தும் ராக்கர். இந்த எஞ்சினில் ராக்கருக்கு ஆயில் போவது ரிட்டர்ன் லைனிலிருந்து பிரியும் ஒரு சின்னக் குழாய் வழியாக. டேங்க் பக்கம் போகும் குழாய் தாராளமாகத் திறந்திருந்தால் ஆயில் சுலபமான வழியில் போய்விடும், மேலே ஏறாது. தனியாகச் செய்த அலுமினிய ஆயில் டேங்க்குகளில் ரிட்டர்ன் முனை பெரிதாக இருப்பதால் ராக்கர் காய்ந்துபோய் டேப்பட் சத்தம் கூடும். ரிட்டர்ன் குழாயின் வாயைச் சற்றுக் குறுக்கினால் சரியாகும். அளவுக்கு மீறிக் குறுக்கினால் ரிட்டர்னே தடைப்படும், பார்த்துச் செய்யுங்கள்.

எல்லா மூட்டிலும் ஆயில் வியர்க்கிறது என்றால் கேஸ்கட்டை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். கிராங்க்கேஸின் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் எங்கேயாவது சேஸுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

மிஸ்ஸிங்

எர்த்திலிருந்து தொடங்குங்கள். பவுடர் கோட்டிங் செய்த சேஸ், அனோடைஸ் செய்த பிளேட், பெயின்ட் அடித்த போல்ட் முகம். மூன்றும் கரன்ட்டைத் தடுக்கும். பார்க்கப் பளபளவென்று இருக்கும் வண்டியில்தான் இந்தத் தொல்லை அதிகம். பேட்டரியின் எர்த் முனையிலிருந்து எஞ்சினுக்கு நேராக ஒரு தடித்த ஒயர் போட்டுப் பாருங்கள். மிஸ்ஸிங் நின்றால் அதை நிரந்தரமாக்கிவிடுங்கள். பழைய லூகாஸ் ஒயரிங் பாசிட்டிவ் எர்த் என்பதையும் மறக்க வேண்டாம். பேட்டரியின் பிளஸ் முனைதான் சேஸுக்கு. வழக்கம்போல மைனஸைக் கட்டிவிட்டு ரெக்டிஃபையரை எரித்தவர்கள் உண்டு.

மேக்னெட்டோ உள்ள எஞ்சினுக்கு பேட்டரியே தேவையில்லை. அதில் மிஸ்ஸிங் வந்தால், மேக்னெட்டோவிலிருந்து எஞ்சினை அணைக்கும் பட்டனுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் அந்த ஒயர் டேங்க்குக்கு அடியில் எங்கேயோ தோல் உரிந்து சேஸில் படுகிறது. (இந்தச் சோதனையின்போது எஞ்சினை அணைக்க, டாப் கியரில் பிரேக்கைப் பிடித்துக் கிளட்ச்சை விடவேண்டியதுதான்.) குளிர்ந்திருக்கும்போது முதல் கிக்கில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் எத்தனை உதைத்தாலும் பிடிக்காத வண்டிக்கு சேஸ் மேல் பழி போட வேண்டாம். அது மேக்னெட்டோவின் கண்டென்சர் அல்லது காயில், ரீவைண்டிங் கடைக்குப் போகவேண்டியதுதான்.

ஸ்பார்க் நன்றாக இருந்தும் குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் தடுமாறி, அதைத் தாண்டினால் தெளிகிறது என்றால், அதிர்வில் ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் நுரைக்கிறது. கார்புரேட்டரை ரப்பர் ஸ்லீவில் மாட்டினால் தீரும். எஞ்சினைப் பழைய சேஸில் இருந்ததைவிட முன்பக்கம் சாய்த்துக் கட்டியிருந்தால் கார்புரேட்டரும் சாய்ந்திருக்கும், பெட்ரோல் மட்டம் மாறியிருக்கும். மேனிஃபோல்டில் கோணம் திருத்தும் பேக்கிங் வைத்து நிமிர்த்துங்கள். ஆமல் கான்சென்ட்ரிக் கார்புரேட்டரின் இரண்டு நட்டையும் பலம் கொண்டமட்டும் இறுக்கினால் ஃபிளாஞ்ச் வளைந்து காற்று இழுக்கும்.

வேகத்தில் வாபிள்

ஃபெதர்பெட் சேஸ் வாபிள் ஆகிறது என்றால் சேஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சக்கரம் இரண்டும் நேர்கோட்டில் நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள்; செயினுக்காகச் சக்கரத்தை ஒரு பக்கம் தள்ளி ஸ்பேசர் போட்டிருப்பார்கள். பிறகு ஸ்டீயரிங் பால் ரேஸ், ஸ்விங் ஆர்ம் புஷ். புஷ் ரப்பர் வகையானால் அதன் போல்ட்டை, வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் இறுக்கவேண்டும். பின் சக்கரத்தைத் தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்று சீக்கிரமே கிழியும்.

இவை சரியாக இருந்தும் முன்பக்கம் லேசாக மிதப்பது போல இருந்தால், எஞ்சின் பின்தள்ளி அல்லது உயரமாக உட்கார்ந்திருக்கிறது. கியர்பாக்ஸும் செயினும் அனுமதிக்கும் அளவுக்கு முன்னால், அனுமதிக்கும் அளவுக்குத் தாழ்வாக. ட்ரைட்டனுக்கு அதுதான் இடம். வேறு பிளேட் வெட்டுவதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை. ஸ்டீயரிங் டேம்பர் போட்டால் அறிகுறி மறையும், காரணம் அப்படியே இருக்கும்.

இடிப்பது, உரசுவது

டேங்க்கின் அடிப்பக்கம் ராக்கர் பாக்ஸை இடிக்கிறதா என்று தெரிய, ராக்கர் மேல் களிமண் உருண்டை வைத்து டேங்க்கை மாட்டிக் கழற்றுங்கள். நசுங்கிய தடிமன் ஒரு விரல் அளவாவது வேண்டும். டேப்பட் பார்க்கும் மூடிகள் இந்த எஞ்சினில் தானாகக் கழன்று ரோட்டில் விழும் குணம் உள்ளவை, டேங்க் மறைத்துக்கொண்டால் விழுந்தது தெரியக்கூடச் செய்யாது. அவற்றை ஒயர் போட்டுக் கட்டுங்கள். சைலன்சர் குழாய் சேஸின் முன் குழாயை விட்டு விலகி வருகிறதா, ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் கிளட்ச் கேபிள் இழுபடுகிறதா, பின்னால் தள்ளி வைத்த ஃபுட்ரெஸ்ட்டில் கிக்கர் இடிக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். கிக்கர் இடித்தால் மடங்கும் ஃபுட்ரெஸ்ட் போடலாம், கிக்கர் லீவரைச் சூடேற்றி வளைப்பதைவிட அது மேல்.